பூம்புகாருக்கு 11,000 வயதா?

கேள்வி: பூம்புகார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடலில் மூழ்கிய நகரம் என்று எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒருவர் பேசினார். உண்மையா ஐயா? (வாசகி, பீடோங், கெடா)

பதில்: அவ்வளவு பழமைக்குச் சான்று இல்லை அம்மா. கரையிலே, கீழையூரில், 1960களில் தோண்டியபோது செங்கல் படகுத்துறை ஒன்று கிடைத்தது, அங்கிருந்த மரத்தைச் சோதித்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று தெரிந்தது. அப்புறம் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் 1991இல் கடலுக்குள் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஒன்றைக் கண்டது. 11,000 என்ற கணக்கு அந்த ஆழத்தை வைத்துச் சொன்னதுதான், அதாவது பனியுகம் முடியும்போது கடல்மட்டம் எப்போது அங்கே இருந்தது என்று பார்த்து. ஆனால் ஆழம் மட்டும் வயதைச் சொல்லிவிடாது, அதை மனிதர்தான் கட்டினார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

எகிப்தின் தோனிஸ்-ஹெராக்லியோன் நகரத்தைப் பாருங்கள். 2000இல் பத்து மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். கல்வெட்டு, சிலை, நங்கூரம் என்று எடுத்துக் காட்டினார்கள், யாரும் மறுக்கவில்லை. பூம்புகாருக்கும் அப்படிப்பட்ட சான்று கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, உங்கள் பக்கத்திலேயே சுங்கை பத்துவில் பழைய படகுத்துறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.