சுவரில் வரைந்த அடுப்பு

அன்புள்ள ஐயா,

என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். 1940இல் டிஸ்னி எடுத்த ‘பினோக்கியோ’ படத்தைப் பலமுறை பார்த்தவன். அதன் தமிழ்ப் புத்தகம் கிடைத்ததும் இரவில் வாசித்துக் காட்டினேன். நான்காம் அத்தியாயத்திலேயே மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ, தனக்குப் புத்தி சொல்லும் பேசும் சிள்வண்டைச் சுத்தியலை எறிந்து கொன்றுவிடுகிறான். என் மகன் அழுதுவிட்டான். அங்கங்கே புரட்டிப் பார்த்தால், 15ஆம் அத்தியாயத்தில் பினோக்கியோவையே மரத்தில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். இதைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? படமே போதும் என்று விட்டுவிடட்டுமா? தகப்பனையும் மகனையும் விழுங்குவது படத்தில் திமிங்கலம், புத்தகத்தில் சுறா. அந்தச் சுறாவுக்கு இரைப்பு நோய் என்று எழுதியிருப்பதைக் கேட்டு, கடலுக்குப் போகும் என் மாமனார் சிரிக்கிறார்: “செவுளால் மூச்சு விடுகிற மீனுக்கு ஏது இரைப்பு?”

ஒரு வாசகி, பாம்பன்

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: சிள்வண்டு திரும்பி வருகிறது. கடைசி அத்தியாயத்தில், சுறாவின் வயிற்றிலிருந்து தப்பிய தகப்பனும் மகனும் ஒதுங்க இடமில்லாமல் ஒரு குடிசைக் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருப்பது அதே சிள்வண்டு. அன்று சுத்தியலை எறிந்தாயே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இருவருக்கும் இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை அவன் கேட்க வேண்டுமானால் நீங்கள் 36ஆம் அத்தியாயம் வரை வாசித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

தூக்குக்கும் ஒரு கதை இருக்கிறது. கார்லோ கொல்லோடி இதை 1881இல் இத்தாலியக் குழந்தைகள் வார இதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கினார். அந்தத் தூக்கோடு கதையை முடித்தும்விட்டார். வாசித்த குழந்தைகள் விடவில்லை. சில மாதங்கள் கழித்து, 1882இல், அவர் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. 1883இல் புத்தகமாயிற்று. உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் பினோக்கியோவைக் கயிற்றிலிருந்து இறக்கினார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள்.

புத்தகம் கொடூரமாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் முதலில் தெரிவது பசி. பினோக்கியோவைச் செதுக்கிய தகப்பன் ஜெப்பெட்டோவின் வீட்டில் அடுப்பு எரிகிறது, பானை கொதிக்கிறது, ஆவி பறக்கிறது. எல்லாம் சுவரில் வரைந்த படம்! பசி தாங்காத பினோக்கியோ அந்தப் பானையின் மூடியைத் திறக்கப் போய்ச் சுவரைத் தொடுகிறான். டிஸ்னியின் ஜெப்பெட்டோவுக்கோ வீடு நிறையக் கடிகாரங்கள், பொம்மைகள், ஒரு பூனை, தொட்டியில் ஒரு மீன். அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆகவே அந்தப் படத்தில் பையனின் குற்றம் பொய் சொல்வதும் விளையாட்டுப் புத்தியும் மட்டுமே. புத்தகத்தில், தனக்கென்று வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைத் தகப்பன் மகனுக்குத் தருகிறார். தோலைச் சீவித் தந்தால்தான் தின்பேன் என்கிறான் மகன். பசி அடங்காமல், பிறகு அந்தத் தோலையும் கொட்டை இருந்த நடுப்பகுதியையும் அவனே தின்கிறான். பனி விழும் நாளில் தகப்பன் தன் மேற்சட்டையை விற்று அரிச்சுவடி வாங்கி வருகிறார். மகன் அதை நான்கு காசுக்கு விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான். பொய் சொல்லும்போது அவன் மூக்கு நீள்வதைவிட எனக்கு வலிப்பது அந்த நான்கு காசு.

இந்தப் பசியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் மத்தேயோ கரோனே. அவருடைய 2019 படத்தில் ராபர்ட்டோ பெனினி ஜெப்பெட்டோவாக நடித்தார். சாப்பாட்டுக்கடையில் நன்றாக இருக்கும் மேசை நாற்காலிகளை உடைந்தவை என்று சொல்லி, பழுது பார்க்கட்டுமா என்று கெஞ்சுகிறார். வேலை கேட்டு அலைந்த தச்சரைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். 2022இல் கில்லெர்மோ டெல் டோரோ எடுத்தது போரில் மகனை இழந்த தகப்பனின் கதை. முசோலினி காலத்து இத்தாலியில் நடக்கிறது. பெரிய படம்தான், ஆனால் அதை உங்கள் மகன் இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கட்டும். அதே ஆண்டு டிஸ்னி மறுபடி எடுத்த படத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் மாமனார் சொன்னது சரி. சுறாவுக்கு நுரையீரல் கிடையாது. திமிங்கலத்துக்கு உண்டு. அதனால்தான் படத்தில் நெருப்பு மூட்டிப் புகையால் தும்ம வைப்பது பொருந்துகிறது, அதன் பிறகு வரும் துரத்தல் இன்றும் மூச்சை அடைக்கிறது. கொல்லோடியின் சுறாவோ கிழடு. இரைப்பினால் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறது. இருவரும் நுனிக்காலில் அதன் நாக்கின்மேல் நடந்துவரும்போது, திறந்த வாய்க்கு அப்பால் நட்சத்திரங்களும் நிலவும் தெரிகின்றன. இந்த ஒரு காட்சிக்காக மீனுக்கு இரைப்பு வந்ததை உங்கள் மாமனார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களை முதுகில் ஏற்றிக் கரை சேர்ப்பது ஒரு சூரை மீன். இன்னோரிடத்தில் பச்சை நிற மீனவன் ஒருவன் வலையைக் கொட்டி, மடவை, மாந்தல், நெத்திலி, நண்டு என்று பிரித்துக்கொண்டே வந்து, பினோக்கியோவையும் மாவில் புரட்டிப் பொரிக்கப் பார்க்கிறான். டிஸ்னி படத்தில் இந்த ஆள் இல்லை. உங்கள் மகனுக்கு மிகவும் பிடிக்கப்போவது இவன்தான்.

அந்தச் சுறாவின் வாய்க்குள் எரியும் இன்ஜினோடு ஒரு முழு ரயிலே நுழையும் என்று கதையில் ஒரு டால்ஃபின் சொல்கிறது. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வெறும் வேடிக்கை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஒரு ரயிலை விழுங்கியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படி அல்ல.

23ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். மகனைத் தேடி ஜெப்பெட்டோ சிறு படகு கட்டிக் கடலில் இறங்குகிறார். கரையில் கூட்டம் நிற்கிறது. படகு அலையில் ஏறி இறங்கி, பிறகு ஏறவில்லை. கரையில் நின்ற மீனவர்கள் “பாவம்” என்று சொல்லி, ஒரு ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். டிஸ்னி படத்தில் இந்தக் காட்சியே இல்லை. தகப்பன் கடலுக்குப் போன செய்தி ஒரு புறா போடும் கடிதத்தில் வந்துவிடுகிறது.

நான் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன். பத்து வயதில், வாடைக்காற்று நாளொன்றில், சித்தப்பாவின் வத்தைப் படகு திரும்பாத மாலையில் கரையில் நின்றிருக்கிறேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். இருட்டிய பிறகும் நானும் சின்னம்மாவும் நின்றோம். மறுநாள் மதியம் அவர் தொண்டிப் பக்கம் கரையேறியதாகச் செய்தி வந்தது. இரக்கம் இல்லாமல் அவர்கள் திரும்பவில்லை என்று இன்று தெரிகிறது. அன்று அவர்களை வெறுத்தேன். கொல்லோடி அந்த ஒரு வரியில் இரண்டையும் எழுதியிருக்கிறார்.

ஆகவே படம் இருக்கட்டும், புத்தகமும் வேண்டும். அந்த அத்தியாயத்தை வாசிக்கும் இரவில் உங்கள் மாமனாரையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். மீனவர்கள் திரும்பிப் போகும் வரி வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் பேரனிடம் ஏதாவது சொல்லக்கூடும்.

அன்புடன்