சமையலறை விளக்கை ஏன் அணைக்கிறீர்கள்?

கேள்வி: இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஊர் மார்த்தாண்டம். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த பத்தாம் நாளே கடனுக்காகத் திரும்பிவிட்டேன். பிள்ளைகள் அக்காவிடம் இருக்கிறார்கள். அழுத முகம் தெரியக்கூடாது என்று சமையலறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் வீடியோவில் பேசுவேன். பாட்டி எதற்கெடுத்தாலும் ‘இதுவும் நன்மைக்கே’ என்கிறார். யூதர்களின் போதனையில் எனக்குத் தெம்பு தரும் வாசகம் இருந்தால் எழுதுங்கள்.

பதில்: வாசகம் கிடக்கட்டும். அந்த விளக்கை ஏன் அணைக்கிறீர்கள்?

பாட்டி சொல்வது நாகூம் என்ற ஞானியின் வாக்கு. தனக்கு எது வந்தாலும் அவர் சொல்லிக்கொண்டது. அடுத்த வீட்டுச் சாவுக்குச் சொல்வதற்கல்ல.

அந்தக் கதை வரும் தல்மூதில், அதாவது யூத குருமார்களின் போதனைகளைத் தொகுத்த நூலில், இன்னொரு கதையும் உண்டு. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் திபேரியா நகரில் வாழ்ந்த ரபி (யூத குரு) யோஹனான், நோயுற்ற ரபி எலெயாசாரைப் பார்க்கப் போகிறார். இருட்டறை. யோஹனான் பேரழகர், கையை மூடிய துணியை விலக்கியதும் அறையில் வெளிச்சம் பரவுகிறது. எலெயாசார் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் தெரிகிறது. ‘பிள்ளைகளை நினைத்தா அழுகிறாய்? இதோ, இறந்துபோன என் பத்தாவது மகனின் எலும்பு’ என்கிறார் யோஹனான். ‘இல்லை, இந்த அழகும் மண்ணுக்குள் போகுமே, அதற்குத்தான்.’ ‘அதற்கானால் அழ வேண்டியதுதான்.’ இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். பிறகு யோஹனான் கேட்கிறார், ‘இந்தத் துன்பம் உனக்குப் பிரியமா?’ ‘அதுவும் வேண்டாம், அதற்குக் கிடைக்கும் கூலியும் வேண்டாம்.’ ‘கையைக் கொடு.’ தூக்கி நிறுத்துகிறார்.

யோஹனானே நோயில் படுத்தபோது ரபி ஹனினா வந்து தூக்க வேண்டியிருந்தது. பிறரைத் தூக்கியவர் தானே எழுந்தால் என்ன? சிறையில் கிடப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்கிறது தல்மூத்.

உங்களுக்குக் கை நீட்ட இருப்பவர் அக்கா. அவருக்கும் முகத்தைக் காட்ட மாட்டீர்கள்! மாதாமாதம் பணம் போய்விட்டால் தாயின் கடமை தீர்ந்துவிடுமா? அப்பாவைப் புதைத்த பிள்ளைகள், அம்மா அழவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் உங்களுக்காக அழுகையை விழுங்கப் பழகியிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது அம்மா.

முதலில் அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே இரவு எட்டு மணியானால் ஊரில் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பாட்டி யூத ஓய்வுநாள் பார்ப்பவரானால் அன்று மாலை முதல் விளக்கைப் போடுவதும் அணைப்பதும் கூடாது, சுவிட்சைத் தொடுவதே சங்கடம். வியாழன் இரவே கூப்பிடுங்கள், விளக்கைப் போட்டுவிட்டு.