பழைய படகு இஞ்சினே கதியென்று கிடக்கும் மகன்: ஊத்தான் மெலிந்தாங் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் ஐந்தாம் படிவம், அதன் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு, ஆற்றங்கரைப் பட்டறை முதலாளி, அந்தத் தவுக்கே, சும்மா கொடுத்த ஜான்சன் படகு இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். "தோட்டத்தில் அவன் அப்பாவுக்குக் கை கறுத்தது போதாதா, இவனுக்கும் கறுக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப் போகும். செம்பனைக் குலை சுமந்து பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஞ்சினை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். அது ஒன்றே சோறு போடும் என்று அவனை நம்பவும் விடாதீர்கள்.

போன சனிக்கிழமை தெலுக் இந்தான் போகும் வழியில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். தம்பி மட்டும் இருந்தான். ஒரு மணி நேரம் அவன் வேலையைப் பார்த்தேன். அங்கே கண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்குக் கறுத்த கை மட்டும்தான் தெரிகிறது.

இஞ்சின் கிடைத்ததும் அவன் ஸ்பேனரைத் தேடவில்லை. பழைய பல் துலக்கியில் மண்ணெண்ணெய் தொட்டு, படகில் மாட்டும் பிடியில் உள்ள சின்னத் தகட்டைத் தேய்த்திருக்கிறான். அதிலிருந்த மாடல் எழுத்துகளைப் பயிற்சி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். 1980 முதல் வந்த ஜான்சன், எவின்ரூட் இஞ்சின்களில் ஆண்டை எழுத்தாக ஒளித்து வைத்திருப்பார்கள். 'இன்ட்ரொடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளில் முதல் எழுத்து 1, அடுத்தது 2, இப்படியே போய்க் கடைசி எழுத்து 0. தம்பியின் தகட்டில் கடைசி எழுத்துக்கு முன்னால் இருந்தவை சி, யு. சி என்றால் 8, யு என்றால் 7. ஆக, அது 1987-ஆம் ஆண்டு இஞ்சின். கடைசி எழுத்து அந்த மாடலில் செய்த சிறு திருத்தத்தைக் குறிக்கும். இவ்வளவையும் அவனே தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

இதற்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்பீர்கள். ஆண்டு தெரியாமல் உதிரிப்பாகம் வாங்கினால் காசு தண்டம். எண்ணெய் விஷயத்தில் இன்னும் ஆபத்து. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினில் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்தான் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது. பழைய பிரிட்டிஷ் சீகல் இஞ்சின்கள் பலவற்றுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். 1964-க்கு முந்திய ஜான்சன்களில் பெரும்பாலானவற்றுக்கு 24-க்கு 1. பிறகு 50-க்கு 1 ஆனது. எண்பதுகளின் நடுவில் சில ஆண்டுகள் 100-க்கு 1 போதும் என்று அந்த நிறுவனமே சொல்லி, பின்னர் 50-க்கே திரும்பியது. தம்பியின் இஞ்சின் அந்தக் காலத்தது. மூடியில் என்ன ஒட்டியிருந்தாலும் 50-க்கு 1 கலப்பதுதான் சரி என்று அவனே என்னிடம் சொன்னான். பதினேழு வயதில் ஒட்டியிருக்கும் தாளை அப்படியே நம்பாமல் விசாரித்துப் பார்க்கிற பிள்ளை அவன், அம்மா.

பிஸ்டன் இறுகிக் கிடந்ததாம். பக்கத்து வீட்டு அண்ணன் சுத்தியலால் தட்டச் சொல்லியிருக்கிறார். இவன் தட்டவில்லை. பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, ஐந்து நாள் காத்திருந்து, பிளைவீல் என்ற சுழல் சக்கரத்தைக் கையால் இம்மி இம்மியாக அசைத்துப் பார்த்திருக்கிறான். அது இளகிய பிறகு சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை இரவல் வாங்கி அளந்தான். இரண்டு சிலிண்டருக்கும் பெரிய வித்தியாசமில்லை, அதனால் இஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அடியில் கியர் எண்ணெயை வடித்தபோது தே தாரேக், அதாவது பால் தேநீர் நிறத்தில் வந்ததாம். அப்படி வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் நோட்டில் தேதியோடு குறித்திருக்கிறான்.

அவன் செய்த தவறு ஒன்றும் உண்டு. ஆசையில் தண்ணீர் இல்லாமலே இஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டான். கீழே உள்ள பம்பில் ரப்பர் இம்பெல்லர் சுழல்கிறது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அது ஏற்றும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாவிட்டால் சில வினாடிகளில் அதன் இதழ்கள் தேய்ந்து கிழியும். இதற்கு நான் திட்டவில்லை. கிழிந்ததை அவனே கழற்றி எடுத்துக் காட்டினான்.

திட்டியது வேறு விஷயத்துக்கு. பெட்ரோலை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி அடுப்படிக் கதவோரம் வைத்திருந்தான். இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். பெட்ரோலுக்கென்று விற்கும் கேனில்தான் ஊற்ற வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே, நிழலில் இருக்க வேண்டும். இஞ்சின் ஓட்டுவதென்றால் திறந்த வெளியில், பம்பு மூழ்குமளவு தண்ணீர் நிறைத்த டிரம்மில், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். ஓட்டும்போது தங்கச்சியை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இனி வேலை விஷயம். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இஞ்சினோடுதான் இந்தத் தொழில் உலகம் முழுக்கப் பரவியது. எவின்ரூட், ஜான்சன் இரண்டும் 1936-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்த நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பெயரை வேறொருவர் வாங்கி நடத்தி, 2020-இல் எவின்ரூட் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். தம்பி நேசிக்கும் இஞ்சினைச் செய்தவர்களே இன்று கடை மூடிவிட்டார்கள். பழைய இஞ்சினைப் புதுப்பித்து அழகுக்கு வைப்பவர்கள் நம் ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஆனால் பெர்ணம் ஆற்றைப் பாருங்கள். அங்கே ஓடும் படகுகளுக்கு யமஹா, சுசுகி, தொஹாத்சு என்று எத்தனை இஞ்சின்கள்! வண்டல் இம்பெல்லரைத் தின்கிறது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாத இஞ்சின் சீக்கிரமே பட்டறைக்கு வரும். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின்களில் கணினி வைத்துக் கோளாறு பார்க்கும் முறையும் வந்துவிட்டது. பழைய ஜான்சனில் காதாலும் கையாலும் கற்றவனுக்கு அந்தக் கணினி சொல்வது எளிதில் புரியும். கணினியை மட்டும் கற்றவன், அது ஒன்றும் சொல்லாத இடத்தில் திகைத்து நிற்பான். பழைய இஞ்சின் அவனுக்கு ஆசான், சம்பளம் புது இஞ்சினில்.

என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் ஆற்றோரப் பட்டறையில் வேலை செய்தவர். சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் படுத்திருக்கிறது என்று சொல்வார். நிரந்தர வேலைக்கு ஓரிடத்தில் கூப்பிட்டார்கள். கை வேலையைப் பார்த்து வியந்தார்கள். சான்றிதழ் கேட்டபோது அவரிடம் ஒன்றுமில்லை. பாதிச் சம்பளத்துக்கு உதவியாளாகத்தான் சேர்த்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பையனுக்குக் கீழே, அவனுக்கே வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. தம்பிக்கு அது நடக்கக் கூடாது.

ஆகவே முதலில் எஸ்.பி.எம். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் அந்தச் சான்றிதழே கிடைக்காது. தம்பிக்கு வரலாறு பலவீனம் என்று அவனே ஒப்புக்கொண்டான். கணிதமும் அறிவியலும் டிப்ளோமா கதவைத் திறப்பவை, அவற்றையும் விடக் கூடாது.

அதன் பிறகு எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். அதில் மூன்று நிலைகள். நான்காம் நிலை டி.கே.எம்., ஐந்தாம் நிலை டி.எல்.கே.எம்., இரண்டும் டிப்ளோமா தகுதி. மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி., அட்டெக், இளைஞர் அமைச்சின் ஐ.கே.பி.என். போன்ற கழகங்களில் இஞ்சின் தொடர்பான பயிற்சிகள் உண்டு. எந்தக் கழகத்தில் எந்த நிலை வரை நடக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே பார்க்க வேண்டும், பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். கப்பல், கடல்சார் பொறியியல் பக்கம் போக ஆசையிருந்தால் நம் பேராக்கிலேயே லூமுட்டில் யூனிகேஎல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் கழகமான மைமெட் வளாகம் இருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட திறன் பயிற்சிக்கு பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் கடன் தருகிறது.

வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால் எஸ்.எல்.டி.என். என்ற வேலையோடு சேர்ந்த பயிற்சி முறையைப் பாருங்கள். பெரும்பகுதி நேரம் நிறுவனத்தில் வேலை, மீதி வகுப்பு, முடிவில் திறன் சான்றிதழ். மாமாவைப் போல் ஏற்கெனவே கை தேர்ந்தவர்களுக்கும் வழி உண்டு. பி.பி.டி. என்ற முறையில் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டுக்குப் பின் சான்றிதழ் பெறலாம். தவுக்கேயின் பட்டறையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

தம்பியின் பயிற்சி நோட்டை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, முன்னும் பின்னும் எடுத்த படம், மாற்றிய பாகம், அளந்த எண் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேர்காணலில் இவற்றைக் காட்டலாம்.

தேர்வு முடியும்வரை திங்கள் முதல் வெள்ளி வரை இஞ்சின் தார்ப்பாய்க்குள் இருக்கட்டும். சனிக்கிழமை மதியம் அவனுடையது. இந்த ஒப்பந்தத்துக்கு அவன் தலையசைத்துவிட்டான். அவன் அப்பாவையும் அன்று அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தம் புரியும்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை மூவரும் என் அறைக்கு வாருங்கள். நான்காம் படிவ மதிப்பெண் தாளும் அந்த நோட்டும் வேண்டும். இம்பெல்லர் வாங்கும் முன் மாடல் எண்ணை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், தகட்டில் ஓர் எழுத்து தேய்ந்திருந்தது.