வீழ்த்திய பிறகும் நான் கீழே போவது ஏன்?

கேள்வி: நான் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் கல்லூரி மாணவி. வயது 20, எடை 54 கிலோ. பள்ளி நாட்களில் ஜூடோ பயின்று மாநில அளவில் விளையாடியிருக்கிறேன். இப்போது ஐந்து ரோடு அருகே ஒரு பயிற்சிக்கூடத்தில் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) கற்கிறேன். எதிராளியைத் தூக்கி வீழ்த்தியதும் ஆர்ம்பார் (கையை நீட்டி முழங்கை மூட்டைப் பூட்டும் பிடி) போடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஆனால் பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கில் பாதி நேரம் கை நழுவிவிடுகிறது. கீழே மாட்டிக்கொண்டு குத்து வாங்குகிறேன். "ஆர்ம்பாரைக் கொஞ்ச நாள் மறந்துவிடு" என்கிறார் மாஸ்டர். அமெரிக்க வீராங்கனை ரோண்டா ரௌசி அதை வைத்துத்தானே வென்றார்? எந்த கிராப்ளிங் (பிடித்து வீழ்த்திக் கட்டுப்படுத்தும்) உத்திகளை நான் எனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும்? தினமும் ஏற்காடு மலைப்பாதையில் ஓடலாமா? போட்டிக்காக 52 கிலோவுக்கு இறங்கலாமா? அப்பா மிகவும் பயப்படுகிறார். அவருக்கு என்ன சொல்வது?
— வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் மாஸ்டர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு உத்தியைக் கைவிடுவது வருத்தம் தரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூடோவில் நீங்கள் ஒருவரை வீழ்த்தி, ஆர்ம்பாருக்காக மல்லாந்து சாய்ந்து, அது கைகூடாமல் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சில வினாடிகளில் முன்னேற்றம் ஏதும் இல்லையென்றால் நடுவர் 'மாத்தே' சொல்லி இருவரையும் எழுப்பிவிடுவார். நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. எம்.எம்.ஏ.யில் நடுவர் அவ்வளவு விரைவில் எழுப்பிவிட மாட்டார். ஐந்து நிமிடச் சுற்றில் முதல் நிமிடத்திலேயே கை நழுவிவிட்டால், மேலே இருந்த நீங்கள் கீழே வந்துவிடுகிறீர்கள். எஞ்சிய நான்கு நிமிடமும் எதிராளி உங்கள் மேலிருந்து குத்தலாம், முழங்கையால் தாக்கலாம். கை நழுவுவதற்கும் காரணம் இருக்கிறது. ஜூடோ உடையின் முரட்டுத் துணி தரும் பிடிமானம் இங்கே கிடையாது. இரண்டாம் சுற்றுக்குள் இருவர் உடலும் வியர்வையில் ஊறியிருக்கும். எதிராளி தன் முழங்கையை உங்கள் இடுப்புக் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் இழுத்துக்கொண்டால் போதும், பூட்டு கழன்றுவிடும்.

ஆகவே ஒரு உத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது வெற்றி பெற்றால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். தோற்றுப்போனால் அது உங்களை எந்த இடத்தில் கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். நான் ஒரு மாணவருக்கு எதைப் பரிந்துரைப்பதானாலும் முதலில் இதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

ரௌசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016 வரை அவர் பெற்ற 12 வெற்றிகளில் 9 ஆர்ம்பாரால் வந்தவை என்பது உண்மை. ஆனால் அவர் பதினொரு வயதில் ஜூடோவைத் தொடங்கியவர். தாயார் 1984-இல் உலக ஜூடோ சாம்பியன் பட்டம் வென்றவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற பிறகுதான் அவர் கூண்டுக்குள் வந்தார். அந்த ஒரு பூட்டுக்குள் நுழைய அவரிடம் எத்தனையோ வழிகள் இருந்தன. ஒன்று அடைபட்டால் அடுத்ததற்கு மாறும் பழக்கம் உடலிலேயே ஊறியிருந்தது. அப்படியிருந்தும் 2013 பிப்ரவரியில், யு.எஃப்.சி. என்ற பெரிய எம்.எம்.ஏ. அமைப்பின் முதல் பெண்கள் போட்டியிலேயே, லிஸ் கார்முஷ் அவருடைய முதுகில் ஏறிக் கழுத்தை முறுக்கினார். ரௌசி தப்பித்து, அதே சுற்றின் முடிவில் ஆர்ம்பாரால் வென்றார் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. முதுகைக் கொடுத்த அந்தச் சில வினாடிகளைத்தான் ஜூடோவிலிருந்து வருகிறவர்கள் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். 2015 நவம்பரில் ஹாலி ஹோம் அவரைப் பெரும்பாலும் நெருங்கவிடாமல் தூரத்தில் நிறுத்தி அடித்து வீழ்த்தினார். ஜூடோ பிடியில் தொடங்குகிறது, எம்.எம்.ஏ. பிடிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இனி உங்களுக்கு நான் சொல்லக்கூடிய உத்திகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது, எதிராளியின் முதுகைப் பிடித்து, பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் ரியர் நேக்கட் சோக் போடுவது. ஜூடோவில் ஹடாகா ஜிமே என்று நீங்கள் கற்றதுதான் இது. ஒரு கை எதிராளியின் தோளுக்கு மேலாகவும் மறு கை அக்குளுக்குக் கீழாகவும் சென்று மார்பின் குறுக்கே கோத்துக்கொள்ள, இரு குதிகால்களும் தொடைகளுக்கு உட்புறம் கொக்கி போட்டிருக்க, உங்கள் மார்பு அவர் முதுகோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால், அவருடைய குத்தும் உதையும் உங்களைத் தொட முடியாது. கழுத்து இன்று கிடைக்காவிட்டாலும் நீங்கள் இன்னும் பின்னால்தான் இருக்கிறீர்கள். மறுபடி முயலலாம், இடையிடையே குத்தலாம். 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் பிரேசில் வீரர் ராய்ஸ் கிரேசி தம்மைவிட எடை கூடியவர்கள் மூவரை ஒரே இரவில் வென்றபோது, இறுதிப் போட்டியை முடித்தது இந்தப் பிடிதான். எடை குறைந்த ஒருவருக்கு இதைவிட நம்பகமான கருவியை நான் அறியேன். பயிற்சியில் பலர் நேராகக் கழுத்துக்குப் பாய்கிறார்கள். அதற்கு முன் எதிராளியின் கைகளோடு நடக்கும் போராட்டம்தான் இதில் பாதி வேலை. அவருடைய ஒரு கையை உங்கள் காலுக்குள் சிக்கவைத்துவிட்டால் கழுத்தைக் காக்க அவருக்கு ஒரு கைதான் மிஞ்சும். வாரத்தில் ஒரு நாள், சோக்கே போடாமல், முதுகில் எவ்வளவு நேரம் தங்க முடிகிறது என்று மட்டும் பழகுங்கள்.

அடுத்தது கட்டா கட்டாமே. ஜூடோவில் எதிராளியை விரிப்போடு அழுத்திவைக்கும் பிடியாக இதைப் போட்டிருப்பீர்கள். அதே அமைப்பில் உங்கள் தலையை அவர் கையோடு நெருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, தோளால் கழுத்தை ஒடுக்கினால், ஒருபுறம் உங்கள் கையும் மறுபுறம் அவருடைய தோளுமே அழுத்தம் தந்துவிடும்; இங்கே அதை ஆர்ம் டிரையாங்கிள் என்பார்கள். பல ஆண்டு உழைப்பு உங்களுக்கு ஏற்கெனவே இதில் சேர்ந்திருக்கிறது. கைகூடாவிட்டாலும் நீங்கள் மேலேயே இருப்பீர்கள்.

மூன்றாவது கிமுரா, அதாவது உங்கள் உடே கராமி. இதைக் கையை முறுக்கி முடிக்கும் பூட்டாக மட்டும் நினைக்காமல், எதிராளியைக் கட்டுப்படுத்தும் பிடியாகவே முதலில் பழகுங்கள். ஹாஃப் கார்டில், அதாவது எதிராளியின் ஒரு காலை உங்கள் கால்களுக்குள் பூட்டியபடி கீழே இருக்கும்போது அவருடைய மணிக்கட்டை இப்படிப் பூட்டிவிட்டால் அந்தக் கையால் அவர் குத்த முடியாது. அதை வைத்தே அவரைப் புரட்டலாம், எழுந்தும் விடலாம்.

வீழ்த்துவதிலும் சில மாற்றங்கள் தேவை. முதுகில் ஏற்றி எறியும் செயோய் நாகேயைச் சிறிது காலம் ஒதுக்கிவையுங்கள். சட்டைக்கை இல்லாத எதிராளியிடம் முதுகைத் திருப்பினால், வியர்வையில் வழுக்கி அவர் உங்கள் முதுகிலேயே தங்கிவிடுவார். அதற்குப் பதிலாக அண்டர்ஹுக் போட்டு (எதிராளியின் அக்குளுக்குக் கீழ் கையை நுழைத்துப் பிடித்து) மார்போடு மார்பு நெருங்கி, காலை வாரிவிடும் ஓ-உச்சி-காரி, ஓ-சோட்டோ-காரி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். தோற்றாலும் எதிராளியை நேர்நோக்கியே நிற்பீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவே இல்லை. கீழே விழுந்தால் எழுவது எப்படி? ஜூடோ வீரர்கள் தடுமாறி விழுந்தால் குப்புறப் படுத்து, கழுத்தையும் கைகளையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, நடுவருக்காகக் காத்திருப்பார்கள். விதிகளுக்கு அது பொருத்தமான பழக்கம்தான். இங்கே அப்படிப் படுப்பவர், நான் மேலே சொன்ன முதுகுப்பிடியைத் தாமே எதிராளிக்குக் கொடுத்துவிடுகிறார். பக்கவாட்டில் ஒருக்களித்து, முன்கையால் எதிராளியின் கழுத்தையோ தோளையோ தடுத்து, இடுப்பை நகர்த்தி இடைவெளி உண்டாக்கி, ஒரு கையை ஊன்றி, காலைப் பின்னுக்கு இழுத்து எழுந்து நிற்பதையும், சுவரோரம் இருந்தால் முதுகைச் சுவரில் சாய்த்து அண்டர்ஹுக் பிடித்தபடி படிப்படியாக நிமிர்வதையும் ஒவ்வொரு வகுப்பிலும் பழகுங்கள். பார்ப்பதற்கு அழகில்லாத வேலை இது. யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனாலும் இது கைவந்த பிறகு உங்கள் ஆர்ம்பாரைத் தாராளமாக மீட்டுக்கொள்ளலாம். அது தோற்றால் கொடுக்க வேண்டிய விலை அப்போது குறைந்திருக்கும். அதுவரை ஆர்ம்பார் போட்டாலும் மவுண்டிலிருந்து (எதிராளியின் மேல் அமர்ந்த நிலையிலிருந்து) அவசரப்பட்டுச் சாயாமல், எதிராளியின் கை உடலை விட்டு முழுமையாகப் பிரிந்த பிறகே சாயுங்கள்.

யாரேனும் ஹீல் ஹுக் கற்றுத்தருவதாகச் சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குதிகாலைத் திருகும்போது பாதிப்பு முழங்கால் தசைநார்களில் இறங்குகிறது. வலி தெரிவதற்குள் அவை கிழிந்துவிடக்கூடும்.

ஏற்காட்டுச் சாலையில் தினமும் ஓட வேண்டியதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஊருக்குப் போய் உடனே இறங்கிவிடுவதால் உயரத்தின் பயன் உடலில் ஏறாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே இறங்குவது முழங்காலுக்கும் தொடைக்கும் பெருஞ்சுமை. அந்தக் கால்களோடு மாலையில் கிராப்ளிங் செய்வது காயத்தை அழைப்பதாகும். வாரம் ஒரு முறை, விடுமுறைக் கூட்டம் இல்லாத நாளின் விடியற்காலையில், துணையோடு அடிவாரத்தில் தொடங்கி, ஐந்து நிமிடம் மேல்நோக்கி வேகமாக ஓடி, ஒரு நிமிடம் நடந்து, இப்படி மூன்று முறை செய்தால் சுற்றுகளின் கணக்கோடு அது பொருந்தும். இறங்கும்போது நடந்தோ பேருந்திலோ வாருங்கள்.

52 கிலோ பிரிவைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: இறங்காதீர்கள். ஸ்ட்ராவெயிட் எல்லை 52.2 கிலோ, ஃப்ளைவெயிட் எல்லை 56.7 கிலோ. நீங்கள் இயல்பாகவே ஃப்ளைவெயிட்டில் இருக்கிறீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடை போட்டு வியர்வையை வடிப்பவர்களைப் பார்த்து அதைப் பழகிவிடாதீர்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் 21 வயதில் உயிரிழந்தார். முதல் போட்டியில் நிற்கப்போகும் ஒருவர் இரண்டு கிலோவுக்காக அந்தத் திசையில் ஓரடி வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். 'ஒன்றும் ஆகாது' என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அது உண்மையில்லை, அவரும் நம்ப மாட்டார். கிராப்ளிங்கில் ஏற்படும் பல காயங்கள், தட்ட வேண்டிய நேரத்தில் (தோல்வியை ஒப்புக்கொள்ளக் கையால் தட்டுவதைச் சொல்கிறேன்) தட்டாததாலும் விட வேண்டிய நேரத்தில் விடாததாலும் வருகின்றன. 1951-இல் ரியோ டி ஜெனிரோவில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவிடம் மாட்டிய பிரேசில் வீரர் எலியோ கிரேசி தட்ட மறுத்ததால் அவருடைய கை முறிந்தது. அதை வீரம் என்று சொல்பவர்கள் உண்டு, பயிற்சிக்கூடத்தில் அது வீரம் ஆகாது. மூட்டுப் பூட்டில் வலிக்காகக் காத்திராமல் கை நீண்டு நின்றதுமே தட்டுங்கள். கழுத்துப்பிடி சரியாக விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டுப் பத்து வினாடி அளவில் நினைவு தப்பிவிடும். ஆகவே எதிரில் இருப்பவர் தட்டிய கணமே விடுங்கள். நீங்கள் தட்டியும் விடாத ஒருவரோடு, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மறுமுறை பயிற்சி செய்யாதீர்கள். ஆண்களோடு பயிற்சி செய்ய நேரும்போது இணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது; அதை மாஸ்டரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம்.

உண்மையில் உங்கள் அப்பா கவலைப்பட வேண்டிய ஆபத்து தலையில் விழும் அடிதான். பூட்டுகளையும் பிடிகளையும் நாள்தோறும் பழகலாம். தலையில் பலமாக அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங்கை அப்படிச் செய்யக் கூடாது. அடி வாங்கிய பிறகு தலைவலி, குமட்டல், பார்வை மங்கல், நினைவுத் தடுமாற்றம் இவற்றில் எது இருந்தாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் வேண்டாம்.

சிறிய விஷயங்களும் உண்டு. விரிப்பில் இறங்கும்முன் நகத்தை வெட்டி, தோட்டையும் கொலுசையும் கழற்றி வையுங்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர்ப் பெண்ணுக்கு இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும், கொலுசின் கொக்கியில் இன்னொருவரின் கால்விரல் மாட்டினால் இருவருக்குமே காயம்தான். பயிற்சி முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். படர்தாமரை வந்தால் மறைக்காமல் ஆறும்வரை விலகியிருங்கள். ஒருவரிடமிருந்து கூடம் முழுவதும் பரவிவிடும்.

போட்டியைப் பொறுத்தவரை, அடி உதை இல்லாத கிராப்ளிங் போட்டிகள் சிலவற்றில் முதலில் கலந்துகொள்ளுங்கள். அவற்றில் ஒன்றுக்கு அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். எம்.எம்.ஏ. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்முன், உங்களைவிடப் பத்துக் கிலோ கூடிய ஒருவர் கீழே தள்ளி அழுத்தும்போது, அவர் மெல்லக் குத்திக்கொண்டிருக்க, ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை எழுந்து நிற்கிறீர்கள் என்று மாஸ்டரை எண்ணச் சொல்லுங்கள். நாள் குறிப்பதை அந்த எண்ணைப் பார்த்து அவரே முடிவு செய்யட்டும்.