சிரிப்பு எப்போது வர வேண்டும்

அன்புள்ள ஐயா,

உளவுப் படங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் ரோஜர் மூர் நடித்தவற்றைச் சற்றுப் பரிவோடு குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு என் மகன் சிரித்தான். அவனுக்கு டேனியல் கிரெய்க் ஒருவர்தான் பாண்ட்; மூரின் படங்களெல்லாம் வெறும் சர்க்கஸ். பொள்ளாச்சிக் கொட்டகை ஒன்றில் நான் பார்த்த படத்தில், படகு ஒன்று தண்ணீரிலிருந்து தரையேறி ஓடும். அதைக் கண்டு ஒரு புறா வியந்து தலையைத் திருப்பும். அரங்கமே ஆர்ப்பரித்தது நினைவிருக்கிறது, படத்தின் பெயர் மறந்துவிட்டது. இத்தனை காலம் நீடிக்கும் ஒரு வரிசையில் சிரிப்பு எவ்வளவு இருக்கலாம், தீவிரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதுவீர்களா?

ஆர்., வண்ணாமடை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்தது 1979இல் வந்த ‘மூன்ரேக்கர்’. படகு வெனிஸ் நகரத்துக் கோண்டோலா. உங்கள் மகன் சொன்ன ‘சர்க்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னர் வருகிறேன். அவர் அறியாமலேயே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்.

எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். குழம்புக்கு உப்பைப்போல அளந்து போடக்கூடியதாக எனக்கு இது தோன்றவில்லை. 1962 முதல் 2021 வரை, ஆறு நடிகர்களைக் கொண்டு, ஒரே நிறுவனம் எடுத்த 25 படங்களையும் வைத்துப் பார்க்கும்போது, சிரிப்பு எப்போது வருகிறது என்பதில்தான் அவற்றின் வெற்றியும் சறுக்கலும் இருப்பதாக நினைக்கிறேன். இரண்டு தாவல்களைச் சொன்னால் இது விளங்கும்.

1974இல் வந்த ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ படத்தில், தாய்லாந்தில் ஓர் உடைந்த பாலத்தின் மீதிருந்து கார் பாய்ந்து, அந்தரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுழன்று, அக்கரையில் நான்கு சக்கரங்களும் பதிய வந்து இறங்குகிறது. இது தந்திரக் காட்சி அன்று. கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்கிட்டு, சாகசக் கலைஞர் ஒருவர் உண்மையிலேயே ஓட்டி, ஒரே டேக்கில் முடித்தது. ஆனால் கார் சுழலும் அந்தக் கணத்தில், பொம்மைக் கடையில் விற்கும் ஊதல் எழுப்புவதைப் போன்ற ஒரு வழுக்கோசையைப் பின்னணியில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்தது அந்த ஓர் ஓசையால் கோமாளித்தனமாகிவிட்டது. இசையமைத்த ஜான் பாரியே பின்னாளில் அதற்காக வருந்தினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்தின் தொடக்கத்தில், பனிச்சறுக்கில் தப்பி வரும் பாண்ட் ஒரு மலைமுகட்டைத் தாண்டி வெட்டவெளியில் விழுகிறார். கனடாவின் பாஃபின் தீவில் ரிக் சில்வெஸ்டர் என்ற சாகசக் கலைஞர் குதித்தது இது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இசை சட்டென்று நின்றுவிடுகிறது. கால்களிலிருந்து சறுக்குப் பலகைகள் கழன்று போகின்றன, உருவம் சிறுத்துக்கொண்டே கீழே போகிறது, நாம் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். பிறகுதான் பாராசூட் விரிகிறது. அதில் பிரிட்டிஷ் கொடி முழு அகலத்துக்கு வரைந்திருக்கிறது, பாண்டின் இசையும் உடன் எழுகிறது. கொடியைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறதா இல்லையா? முதல் தாவலில் பயம் பிறக்கும் முன்பே சிரிக்கச் சொன்னார்கள். இரண்டாவதில், பயந்து முடித்தவனுக்குச் சிரிப்பைக் கூலியாகக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துப் படங்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மலையாளத்தில் 1971இல் வந்த ‘சி.ஐ.டி. நசீர்’ படத்தில் பிரேம் நசீர் துப்பறிவார், சிரிக்க வைக்க அடூர் பாசி இருந்தார். தமிழில் ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று கொண்டாடிய காலத்திலும் நகைச்சுவைக்குத் தனி நடிகரும் தனிக் காட்சிகளும் உண்டு. நம் பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரன் ஓரமாக நின்று, வருகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் கேள்வி கேட்டுக் கிண்டல் செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலைப் பிரிவினை இயல்பாகவே படும். பாண்டுக்கு அப்படி ஒரு துணை கிடையாது. கொல்கிறவரும் அவரே, கொன்றபின் ஒரு சிலேடையை உதிர்க்கிறவரும் அவரே. ஆகவே அவருடைய சிரிப்பு ஒரு நொடி முந்தினாலும் அவருடைய ஆபத்துப் பொய்யாகிவிடுகிறது. (ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நம் கொட்டகைகளில் அந்தச் சிலேடைகள் ஒருவர் காதிலும் ஏறவில்லை என்பதால், மூரைப் பெரிய கோபக்காரர் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.)

இனி சர்க்கஸ். இயக்குநர் ஜான் கிளென் 1981இல் எடுத்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’, பாண்ட் தம் மனைவியின் கல்லறையில் மலர் வைப்பதோடு தொடங்குகிறது. 1969இல் வந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில், மணமான அன்றே சுட்டுக் கொல்லப்பட்டவள் அவள். அந்தப் படத்தின் படத்தொகுப்பாளரும் இதே கிளென்தான். இவ்வளவு கனமான தொடக்கத்தை வைத்துவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் சக்கர நாற்காலி வில்லன் ஒருவனை ஹெலிகாப்டரால் கொத்தி எடுத்துப் புகைபோக்கிக்குள் போடுகிறார்கள். கல்லறையில் வைத்த மலர் வாடுவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை.

அதே கிளென் இரண்டே ஆண்டுகளில் ‘ஆக்டோபஸ்ஸி’யை எடுத்தார். உதய்பூரும், நம் சென்னை விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடிப்பதும், டார்ஸானைப்போல் பாண்ட் கத்திக்கொண்டு கொடியில் ஊசலாடுவதுமாக, சிரிப்பு மலிந்த படம்தான். ஆனால் அதன் தொடக்கத்தில் கோமாளி உடையணிந்த ஓர் உளவாளி முதுகில் கத்தியோடு வந்து விழுந்து சாகிறான். படத்தின் முடிவை நெருங்கும்போது, மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க விமானப்படைத் தளமொன்றில் நடக்கும் சர்க்கஸில் அணுகுண்டு மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே நுழைய பாண்டுக்குக் கிடைக்கும் ஒரே வேடம் கோமாளி வேடம். முகத்தில் வெள்ளைப் பூச்சோடு, பெரிய சப்பாத்துகளோடு, குண்டு இருக்கிறது என்று அவர் மன்றாடுகிறார். கூட்டம் வேடிக்கை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறது. திரைக்குள் அவர்கள் சிரிக்கச் சிரிக்க, நான் பார்த்த கொட்டகையில் முறுக்குப் பொட்டலம் கசங்கும் ஒலிகூட எழவில்லை. தொடக்கத்தில் செத்த கோமாளியை அப்போது எல்லோரும் நினைத்திருப்பார்கள் போலும். மூரை வெறும் சிரிப்பு நடிகர் என்பவர்கள் இந்தக் காட்சியை மறந்துவிடுகிறார்கள்.

கிரெய்க் சிரிப்பதில்லை என்பதும் முழு உண்மையன்று. 2006இல் வந்த ‘கஸினோ ராயல்’ படத்தில், இருக்கையின் அடிப்பாகம் அகற்றப்பட்ட நாற்காலியில் நிர்வாணமாகக் கட்டிப்போட்டு, முடிச்சிட்ட கயிற்றால் வில்லன் அடிக்கும்போது, கீழே அரிக்கிறது, சற்று வலப்பக்கமாகச் சொறிந்துவிடு என்கிறார். அடி விழுந்த பின் வந்த நகைச்சுவை அது. ஆகவே அதைக் கேட்டுச் சிரிக்கும்போதே நமக்கும் வலிக்கிறது. உங்கள் மகனோடு உட்கார்ந்து அந்தக் காட்சியையும் 1983இன் கோமாளிக் காட்சியையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

அந்தப் புறாவை மட்டும் என்னால் காப்பாற்ற இயலாது, ஆர். அது முந்திச் சிரித்த சிரிப்புத்தான். ஆனாலும் நானும் அன்று ஆர்ப்பரித்தவன்.