புல்டோசர் என்ற பெயர் எப்படி வந்தது? காளைக்கும் அந்த இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு?

காளை முட்டித் தள்ளுவது போல மண்ணைத் தள்ளுவதால் இந்தப் பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். 'புல்' என்பது காளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயர் பிறந்தபோது மண் தள்ளும் இயந்திரமே கிடையாது.

1876இல் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. கறுப்பின ஆண்களின் வாக்குரிமைக்கு 1870இல்தான் அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. லூசியானாவில் அவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றார்கள். அவர்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் செய்ய வெள்ளையர் கும்பல்கள் சாட்டையால் அடித்தன, சுட்டும் கொன்றன. அந்த அடிக்குப் பெயர்தான் 'புல்டோஸ்'. காளையை அடிக்கிற அளவுக்கு ஒரு டோஸ் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நாம் 'மேனேஜர் செம டோஸ் விட்டார்' என்கிறோமே, அதே டோஸ். அடித்தவன் 'புல்டோசர்'.

அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேய்ஸ் தேர்வாளர் வாக்குகளில் 185க்கு 184 என்ற கணக்கில் வென்றதாக அறிவித்தார்கள். 1877இல் தென் மாநிலங்களின் குடியரசுக் கட்சி அரசுகளுக்குத் துணையாக இருந்த மத்தியப் படைகள் விலகின; கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குக் காவல் இல்லாமல் போனது. அடிவாங்கியவர்களின் பேரன் பேத்திகள்கூட தடையின்றி வாக்களிக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பெயரின் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அப்புறம் சொல் பட்டறைக்குப் போனது. இரும்பை வளைக்கும் பெரிய பிரஸ்ஸை அப்படி அழைத்தார்கள். பலவந்தமாக வளைய வைப்பது என்ற பொருள் அங்கே பொருந்திவிட்டது.

மண் தள்ளுவது கடைசியில்தான் வருகிறது. 1923இல் கான்சாஸ் மாநிலத்தில் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மெக்லியாட் என்ற வரைவாளரும் டிராக்டரின் முன்னால் மண்ணைத் தள்ளும் அகலமான பிளேடு ஒன்றைப் பொருத்தினார்கள். எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதற்காகச் செய்தது அது. 1925இல் காப்புரிமை கிடைத்தபோது அதன் தலைப்பு டிராக்டருக்கான இணைப்பு என்றுதான் இருந்தது. 1930 வாக்கில் புல்டோசர் என்ற பெயர் இந்த இயந்திரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு மசோதாவை 'புல்டோஸ்' செய்து நிறைவேற்றினார்கள் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். இயந்திரத்தைப் பார்த்து உண்டான வழக்கு போலத் தோன்றும். உண்மையில் மிரட்டிப் பணிய வைப்பது என்ற அந்தப் பொருள் இயந்திரத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது.