வெள்ளியங்கிரி ஏறிய கால் போதும். ஆண்டீஸில் மூச்சுக்கு என்ன வழி?

கேள்வி: எனக்கு 52 வயது. வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிறேன், செருப்பில்லாமல். வரும் ஜூனில் அமெரிக்காவிலிருக்கும் மகன் குடும்பத்தோடு தென்னமெரிக்காவில் பெருவுக்குப் போய், ஆண்டீஸ் மலையில் இன்கா பாதை வழியாக மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்துக்கு நான்கு நாள் நடக்கப் போகிறோம். குஸ்கோவில் இறங்கிய மறுநாளே நடை ஆரம்பம். எழுபதாயிரம் ரூபாய்க்குப் பொருள் பட்டியல் போட்டிருக்கிறேன். எதை வாங்குவது, எதை விடுவது? (கோவை வாசகர்)

பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மூன்று ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள். உங்கள் திட்டத்தில் எனக்குப் பயம் தருவது அந்த ‘மறுநாளே’தான்.

பெருவின் தலைநகர் லிமா கடலோர ஊர். அங்கே விமானம் ஏறி ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோ. அதன் உயரம் சுமார் 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637, ஆனைமுடி 2,695. அதாவது, தென்னிந்தியாவின் எந்தச் சிகரத்தையும்விட உயரமான ஊரில் முதல் ராத்திரி படுக்கிறீர்கள். நான் முதன்முதலாகப் போனபோது, லிமாவில் வாங்கிப் பையில் போட்ட சிப்ஸ் பாக்கெட் குஸ்கோ விடுதியில் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழகிய ஆட்கள்தான் பல சமயம் மாட்டுகிறார்கள். தெம்பாக இருக்கிறதே என்று வேகமாக ஏறிவிடுவார்கள். வெள்ளியங்கிரியோ ஊட்டியோ இதற்குப் பயிற்சி ஆகாது. உடம்பு பழக வேண்டியது அங்கே போய்த்தான்.

ஆகவே குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் கார் பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா, ஒல்லாந்தாய்தாம்போ இரண்டும் 2,800 மீட்டரை ஒட்டிய ஊர்கள். அங்கே இரண்டு ராத்திரி, பிறகு குஸ்கோவில் ஒரு ராத்திரி. அப்புறம் நடை. இரண்டாம் நாள் தாண்ட வேண்டிய ‘இறந்த பெண் கணவாய்’ 4,215 மீட்டர். அங்கே கேட்கும் மூச்சை இந்த மூன்று ராத்திரிதான் கொடுக்கும்.

லேசான தலைவலி, தூக்கமின்மை வரும், பரவாயில்லை. தலைவலியோடு வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் அசிடசோலமைட் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக 125 மில்லிகிராம் காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா அலர்ஜி இருந்தாலோ, ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விடுதியில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். குடிக்கலாம். ஞாபகார்த்தமாக இலையைப் பையில் போட்டுக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள், நம் ஊரில் அது சட்டப்படி குற்றம்.

சரி, பொருள்களுக்கு வருவோம். பூட்ஸ் வாங்குங்கள், இப்போதே. வெறுங்காலில் நடந்து பழகிய பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கனத்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஏனென்றால் கணவாயைத் தாண்டியதும் ஏறக்குறைய 600 மீட்டர் இறக்கம், முழுக்கக் கற்படி. விரல் இடிக்கும் பூட்ஸில் நகம் கறுத்துப் போகும். அடுத்த நாள் இறக்கம் இதைவிட நீளம். ஏறும்போது வாங்கும் மூச்சு நின்றால் அடங்கிவிடும், இறங்கும்போது முழங்கால் வாங்கும் அடி வீடு வரை வரும். வெள்ளியங்கிரியில் மூங்கில் தடி எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேலைக்கு இங்கே இரண்டு ட்ரெக்கிங் ஸ்டிக், அடியில் ரப்பர் மூடியோடு. மூடி இல்லாத ஸ்டிக்கை அங்கே அனுமதிப்பதில்லை.

பருத்தி பனியன்கள் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. கணவாய்க் காற்றில் அதுவே ஈரத்துணி போட்ட மாதிரி. நமக்கு ஜூன் என்றால் அங்கே குளிர்காலம். மழை குறைவு, ஆனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். இரண்டு கம்பளி உள்ளாடை, ஒரு ஃப்ளீஸ், ஒரு டௌன் (இறகு அடைத்த) ஜாக்கெட், ஒரு மழைக்கோட்டு, ஒரு குல்லாய் போதும். பகலில் வெயில் தோலை உரிக்கும், தொப்பியும் உதட்டுக்குத் தடவ ஏதாவதும் வேண்டும். ஸ்லீப்பிங் பேக் வாங்காதீர்கள், குஸ்கோவில் வாடகைக்குக் கிடைக்கும். கடையிலேயே விரித்து, உள்ளே படுத்து, ஜிப்பை மேலும் கீழும் ஐந்து தடவை இழுத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் எடுத்துப் போய், ஒரு ராத்திரி முழுக்க அதன் வாயைக் கையால் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பட்டியலில் இல்லாத ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். பெருவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

கடைசியாக, பெயர். இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் அதற்குள்ளேயே. ஜூன் மாத இடங்கள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். அனுமதிச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் சோதனைச் சாவடியில் வைத்து ஒப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்து, சீட்டில் வெறும் இன்ஷியல் இருந்தால் சிக்கல். மகனுக்கு இன்றைக்கே போன் போட்டு, என்ன எழுதிக் கொடுத்தார் என்று எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.